தலைவர்களின் கழுத்துக் கோணம்

மார்ச் 4, செவ்வாய்

வேலையில் சேர்ந்து ஒரு வாரம். இன்னும் ஒரு திருகைக்கூட முடுக்கவில்லை. கை துறுதுறுக்கிறது.

நான் படித்தது மனித உடம்பின் இயந்திரவியல். இடுப்பு பெல்ட், முதுகுச் சட்டம், கழுத்துப் பட்டை — இவற்றை மருத்துவமனைப் பட்டறையில் அளவெடுத்துச் செய்வது என் தொழில். அங்கிருந்து பிடுங்கி, மாநாடு முடியும்வரை என்னை மேல்மாடிக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள். மேல்மாடி என்பது முதுகெலும்பு மருத்துவச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பின் தலைமையகம். பெயரைக் கேட்டால் கண்ணாடிக் கட்டடம் கண்ணில் வரும். நிஜத்தில் மருந்துக் கிடங்குக்கு மேலே இரண்டு அறை, மூன்று ஆள், ஒழுகும் ஏசி. உலகத்து முதுகெலும்பு டாக்டர்கள் எல்லாம் இந்த இரண்டு அறைக்குக் கட்டுப்பட்டவர்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு போய்விடும்.

செப்டம்பரில் ஐம்பதாம் ஆண்டு மாநாடு. கூட்டமைப்பின் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கிறார்கள். பழைய படங்களை ஸ்கேன் செய்து, அழுக்கு நீக்கி, பெரிதாக்குவது நான். எழுதுவதற்கு ஒரு பெண். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் வரலாறு. ஒரு படத்துக்கு அடியில் இரண்டு வரி எழுத மூன்று நாள் எடுத்துக்கொள்கிறாள்.

"பேரைப் போட்டா போதாதா?" என்றேன்.

"யார் பக்கத்துல யார் நிக்கலைன்னு தெரியாம எப்படிங்க எழுதறது?"

நிற்பவர்களை விட்டுவிட்டு நிற்காதவர்களைத் தேடுகிறாள். விளங்கும்.

மார்ச் 7

அத்தை ஜெயித்துவிட்டாள்! அத்தை ஜெயித்துவிட்டாள்!

அப்பாவின் தங்கை. மறுவாழ்வு மருத்துவர் — ஆபரேஷன் செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போன பிறகு நோயாளியை எழுப்பி நடக்க வைக்கிறவள். ஐந்தடிகூட இல்லை. தபால் வாக்கில் கூட்டமைப்பின் அடுத்த தலைவர். ஐம்பது வருஷத்தில் முதல் பெண். எதிர்த்து நின்றவர் துணைத் தலைவர், ஆறடிக்கு மேல் வளர்ந்த அறுவை நிபுணர், அலுவலகத்தில் எல்லாரும் அவரைக் கோபுரம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஃபோனில் அத்தை: "டேய், ஜெயிச்சுட்டேன்டா. கோபுரம் வாழ்த்து சொல்றான், குரல் மேலேருந்து வருது!"

நான் இந்த வேலைக்கு வந்தது அத்தையின் சிபாரிசா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்பேன். மறைக்க நேரமில்லை.

மார்ச் 10

சங்கிலியைப் பார்த்தேன். சந்தோஷம் பாதி இறங்கிவிட்டது.

பொதுச் செயலாளர் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். (வாக்கியத்தை முடிக்கவே மாட்டார். எல்லாம் "அதாவது", "ஆனா பாருங்க", "அதுக்கு முன்னாடி". இவர் பெயர் கமா.) ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் உறுப்பினராகச் சேரும்போது ஒரு வெள்ளித் தகடு கொடுக்கும். எல்லாத் தகடுகளையும் கோத்த சங்கிலி அது. புதுத் தலைவர் பதவியேற்கும்போது கழுத்தில் போட்டுக்கொண்டு, ஏற்புரை முடியும்வரை கழற்றாமல் நிற்க வேண்டும். "பிறர் உதவியின்றி" என்று விதியில் இருக்கிறது. முடியாவிட்டால் துணைத் தலைவர் தலைவராகிவிடுவார்.

தொடங்கியபோது ஐந்து சங்கம், ஐந்து தகடு. இப்போது எண்பதுக்கு மேல். எடை போட்டேன். எட்டுக் கிலோ சொச்சம். ஒரு வயதுக் குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிற கனம்.

அத்தைக்கு மூன்று வருஷத்துக்கு முன் கழுத்தில் ஆபரேஷன். இரண்டு எலும்புக்கு நடுவே உலோகத் தட்டு வைத்திருக்கிறார்கள். தோளில் கைப்பைகூட மாட்டக்கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருக்கிறார்.

உலகத்தின் முதுகெலும்பு நிபுணர்கள் எல்லாரும் கூடி, தங்கள் தலைவரின் கழுத்தில் எட்டுக் கிலோவைத் தொங்கவிடுகிறார்கள். ஒருவருக்குமா உறைக்கவில்லை?

மார்ச் 11

உறைத்திருக்கும். சொல்லியிருக்க மாட்டார்கள். முதுகெலும்பு டாக்டருக்கே கழுத்து வலி என்றால் நாளைக்கு எவன் வருவான் அவரிடம்?

மார்ச் 16, ஞாயிறு

அத்தை வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"அத்தை, அதைப் போட்டா முறிஞ்சுடும்."

"எது, சங்கிலியா?"

"விளையாடாதீங்க. உங்க கழுத்து."

"கோபுரம் மேடைக்குக் கீழ கையை நீட்டிக்கிட்டு நிப்பான், நான் எப்ப விழுவேன்னு. அவனுக்கு அந்த சந்தோஷத்தைக் குடுக்கச் சொல்றியா?"

"சங்கிலியே வேண்டாம்னு ஒரு தீர்மானம் போடுங்க."

"இத்தனை வருஷம் ஆம்பளைங்க போட்டாங்க. மொத பொம்பளை வந்த அன்னைக்கு சங்கிலி வேண்டாமா? என்ன பேசுவாங்க? போட்டுக்கத்தான் போறேன்."

"எப்படி?"

"அதை நீ பாரு. எதுக்கு உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வெச்சார் உங்க அப்பா?"

கார் ஓட்டும்போது பின்னால் பார்க்க முழு உடம்பையும் திருப்புகிறவள் இதைச் சொல்கிறாள்.

மார்ச் 20

சுலபமான வழி கண்டுபிடித்தேன்: எல்லாத் தகட்டையும் அச்செடுத்து, பிளாஸ்டிக்கில் வார்த்து, வெள்ளி முலாம் பூசிவிடலாம். மொத்தம் அரைக் கிலோகூட வராது. கமாவிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கு! அலமாரியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையைக் கையால் அழுத்திக்கொண்டார்.

வரலாறு வாய்விட்டுச் சிரித்தாள். முதல் தடவை. பிறகு ஒவ்வொரு தகட்டுக்கும் கதை சொன்னாள். அண்டை நாட்டுக்காரர்கள் உள்ளங்கை அளவில் கொடுத்தார்கள் என்று தட்டு அளவில் கொடுத்த சங்கம். நாடு மூன்றாகப் பிரிந்ததும் தங்கள் தகட்டை வாங்கிப் போய் ரம்பத்தால் மூன்றாக அறுத்துத் திருப்பி அனுப்பிய சங்கம் — "அறுத்தது ரெண்டு எலும்பு சர்ஜன், அதான் வெட்டு அவ்வளவு நேரா இருக்கு." இரண்டு சங்கம் ஒன்றாகி, தகடுகளை ஒட்டவைத்து, எந்தப் பெயர் மேலே வரவேண்டும் என்று ஆறு வருஷம் சண்டை போட்டு, கடைசியில் பக்கவாட்டில் கோத்த கதை.

"இவங்களா பிளாஸ்டிக்குக்கு சம்மதிப்பாங்க?"

மாட்டார்கள். ஆனால் மத்தியானம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அறுத்த தகடு நினைப்பா, அவள் சொன்ன விதமா?

ஏப்ரல் 3

ஐயோ. ஐயோ. என்ன கண்டுபிடித்துவிட்டேன்!

பட்டறையில் ஒரு மென்பொருள் இருக்கிறது. நோயாளியைப் பக்கவாட்டில் படம் எடுத்துக் கொடுத்தால், கழுத்து முன்னால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கோணம் சொல்லும். தலைவர்கள் சங்கிலியோடு நிற்கும் படங்களில் சும்மா, விளையாட்டுக்கு, ஓட்டிப் பார்த்தேன். முதல் தலைவர் கொடிமரம் மாதிரி நிற்கிறார். இரண்டாமவர் கொஞ்சம் வளைகிறார். மூன்றாமவர் இன்னும் கொஞ்சம். கடைசியில் இருப்பவர் கீழே விழுந்த காசைத் தேடுகிற மாதிரி நிற்கிறார். சங்கங்களின் எண்ணிக்கையும் கோணமும் கைகோத்துக்கொண்டு ஏறுகின்றன!

ஐம்பது வருஷத்தில் யாருமே இந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கவில்லையா? தினம் நூறு முதுகு பார்க்கிறவர்கள்!

ஓடினேன் வரலாறிடம் காட்ட. அவள் போய்விட்டிருந்தாள். நாளை வரை எப்படிப் பொறுப்பது?

ஏப்ரல் 4

காட்டினேன். அவள் என்னைப் போலச் சிரிக்கவில்லை. நான் போட்ட வரைபடத்தில் ஒரே ஒரு இடத்தில் கோடு தடாலென்று கீழே விழுகிறது. அங்கே விரலை வைத்தாள்.

"இங்க கழுத்து நேராயிடுச்சு."

"ஆமா, ஒரே ஒரு ஆள் தப்பிச்சார்."

"அவர் தப்பிக்கலைங்க. அந்த வருஷம் கூட்டமைப்பு ஒடைஞ்சுது."

கத்தி பிடிக்கிற டாக்டர்களுக்கும் கத்தி பிடிக்காத டாக்டர்களுக்கும் சண்டை. முதுகு யாருடையது என்று. விருந்து நடுவிலேயே பாதிச் சங்கங்கள் எழுந்து, குறடு வாங்கிவரச் சொல்லி, தங்கள் தகடுகளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். மிச்சத்தைப் போட்டுக்கொண்டு நின்றவர் படம் இது.

"கழுத்தை விடுங்க, கண்ணைப் பாருங்க."

பார்த்தேன். மகள் கல்யாணத்தில் சாப்பாடு தீர்ந்துபோனவர் போல இருந்தார்.

அவருக்கு அடுத்து வந்தவர் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு சங்கமாகக் காலில் விழாத குறையாகப் பேசி, எல்லாரையும் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார். இன்னும் இருக்கிறார், மாநாட்டுக்கு வருகிறாராம். கோடு அவருடைய காலத்தில்தான் செங்குத்தாக ஏறுகிறது. "அவர்கிட்ட போய் கனமா இருக்கான்னு கேட்டா, இன்னும் ரெண்டு போடுன்னு சொல்லியிருப்பார்" என்றாள்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

கனத்தைக் குறைக்கக்கூடாது. சரி. அப்புறம்?

ஏப்ரல் 12, சனி

குறைக்க வேண்டாம். இடம் மாற்றினால் போதும்! இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள். நானெல்லாம் இன்ஜினியர்.

மலை ஏறுகிறவர்கள் தோள்பை மாட்டுகிறார்களே, கனம் முழுக்க இடுப்புப் பட்டையில் இறங்கும், தோளில் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். அதே வேலைதான். இடுப்பில் பெல்ட். முதுகில் இரண்டு அலுமினியத் தண்டு. தோளுக்கு மேலே, தோளைத் தொடாமல், ஒரு வளையம். சங்கிலி அந்த வளையத்தில் உட்காரும். கழுத்துக்கு அதன் சேதியே போகாது.

உடனே செய்து பார்க்கத் தாங்கவில்லை. பழைய பெல்ட், இரண்டு துணி மாட்டும் கம்பி, அம்மாவின் அலமாரியிலிருந்து எட்டு உப்புப் பாக்கெட். மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தேன். அக்காவும் அத்தானும் அப்போது பார்த்து வந்தார்கள்.

அத்தான்: "என்ன மாப்பிள்ளை, உப்பு வியாபாரமா?"

அக்கா: "பேசாதீங்க, ரெண்டு நாளா தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டிருக்கான்."

அம்மா: "எல்லாம் சரி, சாம்பாருக்கு ஒரு பாக்கெட்டைக் கழட்டிக் குடு."

ஒன்றைக் கழற்றியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சோபாவில் விழுந்தேன். சமநிலையைக் கவனிக்க வேண்டும்.

மே 6

முதல் முதுகுச் சட்டம் தயார். பழைய கதவைத் திறக்கிற மாதிரி சத்தம் போடுகிறது. மூச்சு விட்டாலே கிரீச். தலைவர் ஏற்புரையா, பழைய கட்டிலா?

மே 23

இரண்டாம் சட்டம். சத்தம் போய்விட்டது. அத்தைக்கு நேரமில்லை, ஆனால் அளவு சரிபார்க்க ஆள் வேண்டும். அத்தையின் உயரமும் வரலாறின் உயரமும் ஏறக்குறைய ஒன்று! இதை இத்தனை நாள் கவனிக்கவில்லையே.

"கொஞ்ச நேரம் நிக்க முடியுமா?"

"எவ்வளவு நேரம்?"

"ஒரு ஏற்புரை நேரம்."

சட்டத்தை மாட்டி, எட்டுக் கிலோ மணல் பையைத் தொங்கவிட்டேன். அவள் நின்றுகொண்டு, சும்மா நிற்பானேன் என்று, கூட்டமைப்பின் வரலாற்றை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஐந்து டாக்டர்கள் ரயில் தாமதமானதால் ஒரு நிலையத்தில் மாட்டிக்கொண்டதிலிருந்து. நான் கழுத்துச் சுமை காட்டும் மீட்டரைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. கழுத்தில் சுமை ஏறக்குறைய பூஜ்யம் என்று பிறகு பதிவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லையே. நீங்கதான் என்னவோ மாதிரி நிக்கிறீங்க."

மே 24

என்னவோ மாதிரி என்றால் என்ன மாதிரி?

ஜூன் 12

என் வாயைத் தைக்க வேண்டும். ஊசி என்னிடமே இருக்கிறது.

லிஃப்டில் கமா. "சங்கிலி விஷயம், அதாவது, டாக்டரம்மா கழுத்து…" என்று இழுத்தார். முடிக்க விட்டிருந்தால் கீழே போய்ச் சேர்ந்திருப்போம். பொறுமை இல்லாமல் நான்: "கவலைப்படாதீங்க சார், சட்டம் ரெடி. கோட்டுக்கு உள்ள போட்டா யாருக்கும் தெரியாது."

பின்னால் உச்சியிலிருந்து ஒரு குரல்: "எது தெரியாது?"

கோபுரம். லிஃப்டில் அவ்வளவு பெரிய ஆளை எப்படி ஒருவன் கவனிக்காமல் இருப்பான்? நான் இருப்பேன்.

ஜூன் 19

நிர்வாகக் குழு கூடியது. கோபுரம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "பிறர் உதவியின்றி" என்றிருக்கும்போது, சட்டம் உதவியா இல்லையா? குழு சரிபாதியாகப் பிரிந்துவிட்டது. மாநாட்டில் பொதுச்சபை முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். பதவியேற்பு அன்று காலையில் வாக்கெடுப்பு. உதவிதான் என்று சபை சொல்லிவிட்டால் அத்தை சட்டமில்லாமல் நிற்க வேண்டும், அல்லது பதவியை விட வேண்டும்.

அவள் விட மாட்டாள். அதுதான் பயம்.

அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "போடா. நீ வாயை மூடிக்கிட்டு இருந்தாதான் நான் பயந்திருப்பேன், உடம்பு சரியில்லையோன்னு."

ஜூலை 5, சனி

அத்தைக்குச் சட்டம் மாட்டிப் பார்த்தோம். மணல் பையோடு பட்டறையைச் சுற்றி வந்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் கையை ஆட்டிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். பெல்ட் இடது இடுப்பில் கொஞ்சம் அழுத்துகிறதாம். மெத்தை வைக்க வேண்டும்.

பிறகு கண்ணாடி முன் நின்று கோட்டைப் போட்டாள். கோட்டைக் கழற்றினாள். கோட்டுக்கு மேலே சட்டத்தை மாட்டச் சொன்னாள்.

"அத்தை! வெளிய தெரியக்கூடாதுன்னுதானே மூணு மாசமா ஒவ்வொரு மில்லிமீட்டரா ராவியிருக்கேன்!"

"தெரியணும்டா. உள்ள போட்டா அது திருட்டு. வெளிய போட்டா அது வைத்தியம்."

"சிரிப்பாங்க."

"என் பேஷன்ட்டு எத்தனை பேர் பெல்ட்டைக் கட்டில் அடியில ஒளிச்சு வெச்சிருக்காங்க தெரியுமா? எவனாவது சிரிப்பான்னுதான். நான் எழுதிக் குடுக்கறதை நானே ஒளிச்சா?"

என் சட்டம் எல்லார் கண்ணிலும் படப்போகிறது! திருகுகளை மாற்ற வேண்டும். இவை அசிங்கமாக இருக்கின்றன.

ஜூலை 29

பளபளப்புத் திருகு கிடைத்தது. வரலாறு கூட வந்தாள். நான்கு கடை ஏறினோம். முதல் கடையிலேயே இருந்தது, நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

கண்காட்சிப் பலகைகள் அச்சுக்குப் போகின்றன. தலைவர்கள் வரிசைக்கு அடியில் கழுத்துக் கோணக் கோட்டையும் போடலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். கோபுரம் பார்த்தால் பிரச்சினை. கமா பார்த்தால் மயக்கம். வரலாறு பேனாவை எடுத்து அங்கேயே, என் கண் முன்னாலேயே, இரண்டு வரி எழுதினாள்:

"சங்கங்கள் சேரச் சேர, தலைவர்கள் வளைந்தார்கள். ஒரே ஒரு முறை நிமிர்ந்தார்கள். அந்த வருஷத்தை யாரும் மறுபடி விரும்பவில்லை."

மூன்று நாள் எடுப்பவள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அச்சகத்துக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

செப்டம்பர் 17, புதன்

மாநாட்டு மண்டபம். உலகத்தின் முதுகெல்லாம் இங்கேதான். காபி வரிசையில் ஒருவரை ஒருவர் பின்னாலிருந்து பார்த்து நோய் சொல்கிறார்கள்.

காலையில் யாரும் எங்கள் பலகைப் பக்கம் வரவில்லை. பதினொரு மணி வாக்கில் ஒரு வயதானவர் தனியாக வந்தார். வரலாறு என் முழங்கையைக் கிள்ளினாள். அவர்தான். உடைந்ததை ஒட்டவைத்தவர். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, தன் படத்தில் ஆரம்பித்துப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, கோட்டை விரலால் தடவினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் தண்ணீர் எடுக்கப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசம்ப்பா. ஒரு மாசம் வலது பக்கம் திரும்ப முடியல எனக்கு. வீட்டுக்காரிகிட்ட தலைகாணி சரியில்லன்னு சொல்லி மூணு தலைகாணி மாத்தினேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா சார்?" என்றேன்.

"யார்கிட்ட சொல்றது? இருக்கறவனெல்லாம் முதுகு டாக்டர்!"

அவர் சத்தமாகச் சொன்னார். காது கேட்காதவர்கள் சொல்கிற சத்தம். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த இன்னொரு முன்னாள் தலைவர் நின்றார். "உனக்குமா? எனக்கு வீட்டுக்குப் போற விமானத்துல கழுத்துப் பட்டை. யாராவது கேட்டா தூங்கறதுக்குன்னு சொன்னேன்." மூன்றாமவர் வந்தார். அவர் ஏற்புரை முடிந்ததும் கழிப்பறைக்குள் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாராம், அடுத்த கதவுக்குள் அவருக்கு முந்தைய தலைவர், அவரும் இன்னும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு! இரண்டு பேரும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்களாம், கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மத்தியானத்துக்குள் பலகை முன் நிற்க இடமில்லை. ஆளாளுக்குக் கழுத்தைத் திருப்பிக் காட்டுகிறார்கள். கோபுரமும் வந்தார். எல்லார் தலைக்கும் மேலாகப் பார்த்தார். போய்விட்டார்.

நாளை வாக்கு. இப்போதே இரண்டு திருகு தேவையில்லாமல் முடுக்கிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

எங்கே ஆரம்பிப்பது? வரிசையாக எழுது. வரிசையாக.

காலை பொதுச்சபை. வாக்கு அட்டையின் பச்சைப் பக்கம் என்றால் சட்டம் உதவி இல்லை, போட்டுக்கொள்ளலாம். சிவப்புப் பக்கம் என்றால் கூடாது. கோபுரம் பேசினார்: "டாக்டரம்மா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா விதி விதிதான். ஒரு கருவி தாங்கினா, தாங்கினது கருவி. தலைவர் இல்ல." கைதட்டல்கூட இருந்தது. எனக்குக் காது சுட்டது.

அத்தை ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். அதற்கே கொஞ்ச நேரம் ஆனது. சபை முழுக்கக் காத்திருந்தது.

"இந்த வருஷம் உங்கள்ல எத்தனை பேர் நோயாளிக்கு பெல்ட் எழுதிக் குடுத்தீங்க? கையைத் தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். கோபுரமும். அவர் கைதான் எல்லாவற்றுக்கும் மேலே.

"அதைப் போட்டுக்கிட்டு அவங்க வேலைக்குப் போறாங்க, மாடி ஏறறாங்க. நடக்கறது அவங்களா, பெல்ட்டா? பெல்ட்டுதான்னு சொல்றவங்க சிவப்பு காட்டுங்க. ஆனா ஊருக்குப் போனதும் அதை அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான்.

முதலில் பின்வரிசையில் ஒரு பச்சை. ஒட்டவைத்த கிழவர் — அவருக்கு வாக்கே கிடையாது, முன்னாள் தலைவர்களுக்கு அட்டை தருவதில்லை, எவருடையதையோ பிடுங்கித் தூக்கியிருக்கிறார். பிறகு தட்டு அளவு தகடு கொடுத்த சங்கம். உடனே அவர்களுடைய அண்டை நாடு, இன்னும் உயரமாகத் தூக்கிக்கொண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை, மண்டபமே பச்சை. கோபுரம் தன் அட்டையைப் பார்த்தார், இப்படியும் அப்படியும் புரட்டினார், பச்சையைக் காட்டினார். மேலே, தனியாக, ஒரு பச்சை.

நான் கத்தினேனாம். எனக்கு ஞாபகமில்லை. வரலாறு சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. அது ஞாபகமிருக்கிறது.

சாயங்காலம் பதவியேற்பு. கறுப்புக் கோட்டு, அதன்மேல் என் சட்டம், விளக்கில் திருகுகள் மின்ன. இரண்டு பேர் சங்கிலியைத் தூக்கி வளையத்தில் வைத்தார்கள். நான் முதல் வரிசைக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தேன், இடுப்புப் பெல்ட் நழுவுகிறதா என்று பார்த்துக்கொண்டு. நழுவவில்லை. அத்தை இடது பக்கம் திரும்பி வணங்கினாள். வலது பக்கம் திரும்பி வணங்கினாள். சங்கிலியோடு! முன்னாள் தலைவர்கள் வரிசை எழுந்து நின்றுவிட்டது.

பிறகு பேசினாள். பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். கமா கடிகாரத்தைப் பார்த்தார். விருந்துக்கூடத்து ஆட்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். அப்போதுதான் வரலாறு என் காதில் சொன்னாள் — பழைய ஒலிநாடாக்களில் முதல் தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினாராம். அடுத்தவர் ஒரு மணி. தகடு ஏற ஏறப் பேச்சு குறைந்து, கடைசித் தலைவர் ஆறே நிமிஷத்தில் நன்றி வணக்கம்.

"கனம்தாங்க அவங்களை நிறுத்திக்கிட்டிருந்தது. நீங்க அதை எடுத்துட்டீங்க."

எந்த முன்னேற்றமும் சும்மா வராது போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அத்தை மேடையிலிருந்து முறைத்தாள். முறைக்கத் தலையைத் திருப்பினாளே, அதைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 19

விருந்தில் கோபுரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் குனிந்து, "மூணு வருஷம் கழிச்சு ஒருவேளை நான் வந்தா… எனக்கு தண்டு எவ்வளவு நீளம் வரும்?" என்று கேட்டார்.

"நீளமா வரும் சார்" என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

பட்டறைக்குத் திரும்பி ஒரு வாரம். அத்தையின் ஸ்கேன் வந்தது. தட்டு இருந்த இடத்தில் இருக்கிறது, ஒரு இழைகூட நகரவில்லை. அடுத்த மாதம் மூன்று ஊரில் பேசப் போகிறாள். மூன்று ஊர்க்காரர்களும் எவ்வளவு நேரம் பேசுவார் என்று கமாவிடம் விசாரித்திருக்கிறார்கள்.

இன்று ஒரு அம்மாள் வந்தார். வங்கியில் காசாளர். இரண்டு வருஷம் முன்பு நானே செய்து கொடுத்த பெல்ட், ஒரு நாள்கூடப் போட்டதில்லையாம். கையில் பத்திரிகையில் வந்த அத்தையின் படம்.

"இந்த டாக்டரம்மா போட்டிருக்காங்களே, அது மாதிரி எனக்கு. டிரெஸ்ஸுக்கு மேல போடறது."

"உங்க முதுகுக்கு அவ்வளவு பெரிசு வேண்டாம்மா. பழசையே மேல போட்டுக்கற மாதிரி மாத்தித் தரேன்."

"தம்பி, சிவப்புல கிடைக்குமா? கவுன்ட்டர்ல உக்காந்தா தெரியணும்."

எங்களிடம் பழுப்பு நிறம் மட்டும்தான் உண்டு, எப்போதும். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அடுத்த வாரம் வாருங்கள் என்றேன்.

சாயங்காலம் சிவப்புத் துணி வாங்கப் போகிறோம், வரலாறும் நானும். மேல்மாடியில் அவளுக்கு வேலை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. இருந்தும் வருகிறாள். எந்தச் சிவப்பு என்று முடிவு செய்ய அவளுக்கு மூன்று நாள் ஆகும். ஆகட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.